துணிக்கடை மேசைக்கடியில் ஓர் இன்வெர்ட்டர்

பாலிடெக்னிக்கை எப்படியோ முடித்துவிட்டு, பாப்பிரெட்டிப்பட்டியில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊரில் கரண்ட் வந்தால்தான் செய்தி. அதனால் இன்வெர்ட்டர் செய்து விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். அப்பா வேறொன்று போட்டிருந்தார்.

"ஆடிப் பதினெட்டுக்குள்ள ஒண்ணாவது வித்துக் காட்டு. இல்லன்னா கம்பைநல்லூர்ல மாமாவோட புளி மண்டிக்குப் போயிரு."

எனக்குப் புளி என்றாலே பல் கூசும். ரசத்தையே கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறவன் நான்.

அப்போது கிடைத்த இன்வெர்ட்டர்களில் ஒரு தொல்லை இருந்தது. கம்பியில் வருகிற கரண்ட் அலை போல மெல்ல ஏறி மெல்ல இறங்கும். பேட்டரியிலிருந்து இவை செய்கிற கரண்டோ சுவரேறிக் குதிக்கிற திருடன் மாதிரி. ஒரேயடியாக மேலே, ஒரேயடியாகக் கீழே. ஃபேன் காய்ச்சல்காரன் போல முனகும். நான் திருடனுக்குப் படிக்கட்டு கட்டலாம் என்று நினைத்தேன். ஒரு பேட்டரி மட்டும் வேலை செய்தால் முதல் படி, இரண்டாவதும் சேர்ந்தால் அடுத்த படி. அதே வழியில் இறங்கி, மறுபக்கமும் அப்படியே. பேப்பரில் வரைந்து பார்த்தேன், கிட்டத்தட்ட அலை. என் முதுகை நானே தட்டிக்கொடுக்க முயன்று கை எட்டாமல் விட்டுவிட்டேன்.

பக்கத்துத் துணிக்கடை பாய் தன் கடையில் மாட்டிப் பார்க்க ஒத்துக்கொண்டார். "ஆடிக் கூட்டத்துல ஃபேன் முனகாம ஓடுச்சுன்னா வாங்கிக்கறேன் தம்பி."

முதல் நாள் மத்தியானமே கரண்ட் போனது. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. பாய் அண்ணாந்து பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். அரை மணி நேரம் நான்தான் விஞ்ஞானி. அப்புறம் ஃபேன் முனக ஆரம்பித்தது.

மேசைக்கடியில் நுழைந்து பார்த்தபோது புரிந்தது. கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் முதல் பேட்டரியே உழைக்கிறது. இரண்டாவது, உச்சியில் மட்டும் மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. மூட்டை தூக்கியவன் களைத்துப்போனான், படிகள் கோணிவிட்டன. எந்த மடையன் இப்படி வேலை பிரித்தான் என்று திட்ட வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

அவசரத்துக்கு ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டேன். கொஞ்ச நேரத்துக்கொரு தடவை கைப்பிடியைத் தள்ளினால் மாப்பிள்ளை மூட்டை தூக்குவான், மூட்டைக்காரன் மாப்பிள்ளை ஆவான். தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே. கரண்ட் போகும்போதெல்லாம் நான் மேசைக்கடியில் குடியேறினேன்.

சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என் கால் தெரிந்ததும் கேட்டார், "அடியில யாருங்க பாய்?"

"கரண்டுங்கக்கா" என்றார் பாய்.

அன்று சாயங்காலம் பாய் குனிந்து என்னிடம் சொன்னார், "மெசின் நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா அதுகூட உன்னையும் சேத்து வாங்கணுமா?"

நியாயமான கேள்வி. கடையில் உட்கார்ந்து மண்டையைக் குடைந்தேன். அலையின் ஒரு சுற்றுக்கு முதல் பேட்டரி முந்தட்டும், அடுத்த சுற்றுக்கு இரண்டாவது முந்தட்டும். நான் கையால் செய்ததை ஒரு சின்ன ஐசி சில்லு கண்மூடித் திறப்பதற்குள் பல தடவை செய்துவிட்டது. அதற்குச் சம்பளமும் வேண்டாம், டீயும் வேண்டாம்.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் மாமாவே வந்துவிட்டார், என்னைக் கையோடு கூட்டிப்போக. பாய் கடையில் அவர் வேட்டி எடுக்கும்போது கரண்ட் போனது. எனக்கு வேலையே இல்லை. இருந்தும் பயத்தில் மேசைக்கடியில்தான் இருந்தேன். ஃபேன் முனகவில்லை. மாமா நிதானமாக நாலு வேட்டி பிரித்துப் பார்த்தார், அப்போதும் முனகவில்லை.

"இது நம்ம தம்பி செஞ்சதுதாங்க. நான் வாங்கிட்டேன்" என்றார் பாய்.

மாமா குனிந்து என்னைப் பார்த்தார். ஒட்டடையோடு சிரித்தேன். அவர் ஃபேனை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ளே, மண்டிக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடு. வந்து மாட்டிட்டு அடுத்த பஸ்லயே வூட்டுக்குத் திரும்பிரு."