சிவா வீட்டின் ஆறாவது அறை

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கொழும்பில் ஏழு வருடம், அதற்குப் பிறகு சிட்னியில் முழுக்காலமும் படவரைஞராக வேலை பார்த்தவன். சுவர் என்றால் நீளம், கூரை என்றால் உயரம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபிக்கப் போவதில்லை. வேறு யாரும் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கட்டட வேலைகளில் அடி, அங்குலத்தை விட்டுவிட்டு மீட்டருக்கு மாறச் சொல்லியிருந்த காலம். நான் சிட்னியின் பரமட்டாப் பகுதியில் ஒரு கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் இருந்தேன். எங்கள் ஊர்க்காரரான சிவா, ரெயில் பாதைக்குக் கிட்ட ஒரு பழைய பலகை வீடு வாங்கியிருந்தார். முன்னறை, படுக்கையறை, சாப்பாட்டறை, சமைக்கிற குசினி, குளியலறை, ஐந்தே அறைகள். அவருடைய மனைவி மலர் ஆஸ்பத்திரியில் தாதி. மலரின் அக்கா கணவரை இழந்து யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும், ஆனால் படுக்க வைக்க இடமில்லை. பின்பக்கம் ஒரு அறை இறக்கிக் கட்டுவதற்குப் பிளான் கீறித் தரமுடியுமா என்று சிவா தொலைபேசியில் கேட்டார். அனுமதிக்காக நகரக் கவுன்சிலுக்கு இரண்டு படம் கொடுக்க வேண்டும். இப்போது இருக்கிற வீடு ஒன்று, கட்டப்போகிற அறையோடு சேர்த்து ஒன்று. ஆகவே முதலில் இருக்கிற வீட்டை அளக்க வேண்டும்.

"சனிக்கிழமை எனக்கு வேலை அண்ணை. மலர் வீட்டில நிப்பா, நீங்கள் போங்கோ," என்றார். மலரை நான் அதுவரை பார்த்ததில்லை.

நல்ல வெயில் அடிக்கிற மத்தியானம். முதலில் வெளியே, அளவு நாடாவின் நுனியை ஒரு ஆணியில் கொழுவி வீட்டின் நீளத்தை அளந்துகொண்டேன். படியில் ஏறும்போதே கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து, "வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ," என்று மென்மையான ஒரு பெண் குரல். போனேன். நூல் சேலை கட்டிய ஒரு பெண், அப்போதுதான் தலை முழுகியிருக்க வேண்டும், கூந்தலை விரித்துவிட்டிருந்தார். தனியாக வீடு அளப்பது கஷ்டம், நாடாவின் நுனியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கேட்காமலே அவர் நுனியை வாங்கிக்கொண்டார். முகம் எப்படி என்று கேட்காதீர்கள். அவர் எப்போதும் நாடாவின் மறுமுனையில் நின்றார், என் கண் முழுக்க இலக்கத்தில் இருந்தது. "இறுக்கிப் பிடிச்சிருக்கிறன், இழுங்கோ," என்று ஒவ்வொரு சுவருக்கும் சொன்னார். அதைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

குசினியை அளந்து முடித்ததும் அதன் பின்கதவைத் திறந்து ஒரு படி கீழே இறங்கினார். நானும் இறங்கினேன். அங்கே இன்னொரு அறை. கிழக்குப் பக்கம் அகலமான ஜன்னல், புதுப் பெயின்ட் வாசம், காலுக்குக் குளிர்ச்சியாகப் பச்சை நிற விரிப்பு. இவ்வளவு நல்ல அறை இருக்க எதற்கு இன்னொன்று என்று நினைத்ததும் ஞாபகமிருக்கிறது. அதையும் அளந்து எழுதிக்கொண்டு, "போட்டு வாறன்," என்றேன். "ஓம்," என்றார்.

அடுத்த நாள் படம் கீறும்போதுதான் தலை சுற்றத் தொடங்கியது. வெளியே அளந்த நீளத்தைவிட உள்ளே அளந்தது மூன்றரை மீட்டருக்கு மேல் கூடியிருந்தது. மீட்டர் புதிது, நான்தான் பிழையாக எழுதிவிட்டேன் என்று என்னையே ஏசிக்கொண்டு, உள் அளவுகளை வைத்தே இருக்கிற வீட்டைக் கீறி முடித்தேன்.

புதன்கிழமை பின்னேரம் கொண்டுபோனேன். சிவா படத்தை மேசையில் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணை, இது நாங்கள் கட்டக் கேட்ட அறையெல்லோ?"

"இல்லை, இது இருக்கிற அறை. புது அறையை எங்க போடுறதெண்டு கேக்கத்தான் வந்தனான்."

அவர் எழுந்துபோய்க் குசினிக் கதவைத் திறந்தார். ஒரு படி. அதற்குக் கீழே புல், உடுப்புக் கொடி, பின்வேலி. அவ்வளவுதான்.

அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். கட்டையாக வெட்டிய முடி, அடித் தொண்டைக் குரல். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. சனிக்கிழமை திடீரெண்டு டியூட்டிக்குக் கூப்பிட்டிட்டினம். கதவில ஒரு துண்டு எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனனான். வந்து ஏமாந்து போனியளோ?"

அவர்தான் மலர். வீடு பூட்டியிருந்ததாம், திறப்பு அவருடைய கைப்பைக்குள் இருந்ததாம். துண்டு எதையும் நான் காணவில்லை. சனிக்கிழமை கண்டதையும் கேட்டதையும் அப்படியே சொன்னேன். சிவா கிட்ட வந்து என் மூச்சை மணந்து பார்த்தார், குடித்திருக்கிறேனோ என்று. அதற்குப் பிறகு நாடாவை எடுத்து நாங்கள் இருவருமாக மற்ற ஐந்து அறைகளையும் திரும்ப அளந்தோம். நான் எழுதியிருந்ததில் ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. வீட்டுக்குள் போகாமல் அந்த அளவுகளை எங்கே எடுத்தேன் என்று சிவா கேட்டார்.

பழைய வீடு, முந்தி யாரோ வெள்ளைக்காரக் கிழவி செத்திருப்பாள் என்று சொல்லிப் பார்த்தார் சிவா. வெள்ளைக்காரி எப்படி அண்ணை எங்கடை தமிழ் கதைப்பாள் என்று அவரே கேட்டார்.

"விடுவம். அறையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்," என்றார் பிறகு.

மலர் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். ஜன்னலில் விரலை வைத்தார். "காலமை வெயில் விழும். அக்காவுக்கு அது பிடிக்கும்," என்றார். "இப்பிடியே கீறுங்கோ அண்ணை. அவ அங்க தனிய இருந்து அழுறா. அறை எப்பிடி வந்தா என்ன?"

அப்படியே கீறினேன். 'இருக்கிறது' என்ற படத்திலிருந்து எடுத்து 'கட்டப்போவது' என்ற படத்தில் போட்டேன். கவுன்சில் ஒரு கோடுகூட மாற்றச் சொல்லவில்லை. அறை எழும்பியது, அக்காவும் வந்து சேர்ந்தார். என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது அவர் குரலைக் கவனித்துக் கேட்டேன். கீச்சுக் குரல். அந்தப் பெண் இவரில்லை. அக்கா அந்த அறையில் பல வருடம் நிம்மதியாக இருந்தார், ஒருநாளும் ஒன்றையும் காணவில்லை. கதை அதோடு முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன்.

ஒரு விஷயத்தை அவர்களுக்கு நான் சொல்லவில்லை. அளவுகளைக் குறிக்கும் கொப்பியில் நான் தாளின் முன்பக்கத்தில் மட்டுமே எழுதுவேன், பின்பக்கம் எப்போதும் வெறுமையாக இருக்கும். அலுவலகம் மாறும்போது பழைய கொப்பிகளை ஒதுக்கினேன். அப்போதுதான் அந்த ஆறாவது அறை இருந்த தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சிலால் இன்னொரு அறை. என் கையெழுத்து, என் இலக்கங்கள். அந்த அறைக்கும் அப்பால், பின்வேலியைத் தாண்டிப் போகிற அறை. மூன்று சுவர்களுக்கு அளவு எழுதியிருக்கிறது. நான்காவதற்கு, எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியதுபோல, ஒரு சின்னக் கோடு மட்டும்.

அதற்குள் நான் போன ஞாபகம் எனக்கு இல்லை. எப்படி வெளியே வந்தேன் என்பதும் தெரியவில்லை.