ஒட்டகம் உட்கார்ந்த இடம்

சென்ற வாரம் ஓர் ஒட்டகம் என்னைத் தோற்கடித்தது.

அது வாதிடவில்லை. குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. சினாய் மலையில், ஒட்டகப் பாதை முடிந்து கற்படிகள் தொடங்கும் இடத்தில், முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான்!

அதன் முதுகில் ரீட்டா அக்கா. அக்காவின் வலது காலில், சென்ற ஆண்டு பொருத்திய புது முழங்கால். கைப்பையில் ஒரு மெழுகுதிரி. மோசே ஏறிய உச்சியில் அதைக் கொளுத்துவதாக நேர்ந்துகொண்டு, ஹனோவரிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தார். உச்சியோ இன்னும் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, ஒட்டகம் உச்சி வரைக்கும் போகும் எண்டெல்லோ நீர் சொன்னனீர்?"

சொன்னேன். மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சூழலில் சொன்னேன் என்பதை அவை கருத்தில் கொள்ளவேண்டும்.

இப்பத்தியைத் தவறாமல் வாசிப்போர் அறிவர்: நான் பேச்சாளன். பகலில் ஹனோவரில் மென்பொருள் எழுதுகிறேன், அது வயிற்றுக்கு. மற்ற நேரமெல்லாம் பேசுகிறேன், அது உலகுக்கு. கல்லூரிக் காலத்தில் சுழற்கோப்பைகளை வாங்கிக் குவித்து, விடுதி அறையில் கால் நீட்ட இடமின்றிக் கிடந்தவன். இந்தக் கோடையில் ஹனோவர்த் தமிழர்கள் தங்கள் ஆண்டு விழாவில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். ‘விடுமுறைக்கு உகந்தது கடற்கரையா, பாலைவன மலையா?’ எனக்கு மலை ஒதுக்கப்பட்டது.

பாலைவனத்தை நான் பார்த்ததுண்டா? இல்லை. மலை? ஊட்டி வரை. ஆனால் பார்த்ததை மட்டுமே பேசவேண்டும் என்றால், நாட்டில் ஒரு மேடையாவது மிஞ்சுமா?

பயண முகவரின் வண்ணப் புத்தகத்தைப் புரட்டினேன். ‘மலையேற ஒட்டகங்கள் கிடைக்கும்’ என்று ஒரு வரி இருந்தது. குனிந்து கிடந்த அந்த வரியை மேடையில் சற்றே நிமிர்த்தி நிறுத்தினேன்: "முழங்கால் தேய்ந்தவரும் ஒட்டகத்தில் அமர்ந்து உச்சியைத் தொடும் ஒரே திருமலை!" கைதட்டலில் ஒலிபெருக்கி அலறியது. தீர்ப்பு எங்களுக்கே.

என் கணக்கு பிசகியது அதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டில் எங்கள் ஊரில் பட்டிமன்றத் தீர்ப்பு என்பது, கேட்டுவிட்டுச் சாப்பிடப் போவதற்கு உரியது. மாமியாரே சிறந்தவர் என்று தீர்ப்பு வந்ததற்காக, வீடு திரும்பி மாமியாரை மெச்சிய மருமகள் எவராவது உண்டா? ஹனோவர்த் தமிழர்கள் அப்படியல்லர். பெரும்பாலோர் யாழ்ப்பாணமும் மன்னாரும். ஜெர்மனியில் நெடுங்காலம் வாழ்ந்து, முடிவு என்று ஒன்று எடுத்தால் அதை நிறைவேற்றியே தீரவேண்டும் என்று பழகியவர்கள். மறுவாரமே ஒரு கூட்டம் இலையுதிர்கால விடுமுறைக்குச் சினாய் செல்லப் பதிவு செய்துவிட்டது. என்னையும் சேர்த்துத்தான். தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் அவையை நான் அதுவரை சந்தித்ததே இல்லை!

ரீட்டா அக்காவின் நேர்த்திக்கடன் முதலில் கெவலார் மாதாவுக்குத்தான் இருந்தது. ஜெர்மனியில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆண்டுதோறும் பேருந்து பிடித்துப் போகும் ஊர் அது. தரை சமதளம். வாகனம் நிறுத்த இடம் உண்டு. சோற்றுப் பார்சலும் கிடைக்கும். என் உரையைக் கேட்ட அக்கா, நேர்த்தியைக் கெவலாரிலிருந்து சினாய்க்கு உயர்த்திவிட்டார். அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணை அதன்பின் என்னோடு அதிகம் பேசவில்லை. பேசியது ஒரே சொல். "கெவலார்" என்பார், பெருமூச்சு விடுவார்.

பார்க்கவேண்டியவற்றையெல்லாம் பார்த்தோம். குறை சொல்லக்கூடாது.

வண்ணப் பள்ளத்தாக்கு என்று ஒன்று. பாறைப் பிளவுக்குள் ஒருக்களித்து நுழையவேண்டும். உள்ளே மஞ்சள், சிவப்பு, ஊதா என்று கல்லில் வரி வரியாக நிறங்கள். ‘காலம் என்னும் ஓவியன்...’ என்று நான் தொடங்கினேன். அடுக்கி வைத்த மஸ்கற் அல்வாத் துண்டுகள் மாதிரி இருக்கிறது என்றார் அக்கா. கூட்டம் முழுவதும் உடனே அல்வாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. ஓவியன் அனாதையாக நின்றான்.

மலையடிவாரத்தில் பழம்பெரும் மடம். அதன் முற்றத்தில், தீப்பற்றியும் கருகாமல் நின்றதாக மறைநூல் சொல்லும் முட்செடி. அதன் அருகிலேயே, வாசகர்களே, ஒரு தீயணைப்புக் கருவி! கடவுளே மூட்டிய நெருப்புக்கும் முன்னெச்சரிக்கை வேண்டும் என்று நினைத்த அந்தத் துறவி யாரோ... அவரை ஜெர்மனி தத்தெடுத்துக்கொள்ளலாம். குடியிருப்புக் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் மரியதாஸ் அண்ணை, செடியை ஒருமுறை பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து, கருவியின் சோதனைத் தேதியை வெகுநேரம் வாசித்தார். பயணத்தில் அவர் திருப்தியாகத் தலையசைத்தது அங்கே மட்டும்தான்.

இன்னொரு வியப்பு: ஒட்டகக்காரர் சலேம் சரளமாக ஜெர்மன் பேசினார். சுற்றுலாப் பயணிகளிடம் கற்றதாம். மன்னாரில் பிறந்த ரீட்டா அக்காவும் சினாயில் பிறந்த சலேமும் ஜெர்மனில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் ஒட்டகத்தின் வயிற்றுக்கோளாறு பற்றியும் அளவளாவினார்கள். ஜெர்மனியின் ஆஹென் நகரில் ஆங்கிலத்திலேயே படித்துப் பட்டம் வாங்கிய நானோ, இரு மொழிகளில் கோப்பை வென்ற நானோ, நடுவில் சுமைபோல நடந்தேன்.

இப்படித்தான் அந்தப் பிற்பகலில் படிகளின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். ஒட்டகம் உட்கார்ந்தது. இதற்கு மேல் எந்த ஒட்டகமும் போனதில்லை என்று சலேம் கையை விரித்தார். கூட்டத்தார் ஒவ்வொருவராகப் படியேறி வளைவில் மறைந்தார்கள். எஞ்சியது அக்கா, அண்ணை, நான்.

கீழே இறங்குவோம் என்றார் அண்ணை. அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பேச்சாளன் விழித்துக்கொண்டான். கடமை அழைக்கும்போது அவன் பின்வாங்கியதில்லை.

உச்சி என்பது என்ன என்று கேட்டேன். அது வெறும் கல் அன்றோ? இறைவன் உயரத்தை அளப்பவனா, உள்ளத்தை அளப்பவனா? மோசேயே வாக்களிக்கப்பட்ட நாட்டைத் தூரத்திலிருந்துதானே கண்டார், காலடி வைத்தாரா? ஆகவே மெழுகுதிரியை இங்கேயே கொளுத்துவது நேர்த்தியை நிறைவேற்றுவது மட்டுமன்று, மோசேயின் வழி நிற்பதும் ஆகும்! எதிரொலிக்கும் பாறைகள், தெளிந்த காற்று... என் வாழ்வில் அவ்வளவு நல்ல அரங்கு வாய்த்ததில்லை. சலேம் கைதட்டினார். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது.

அக்கா முழுவதும் கேட்டார்.

"ஓம் தம்பி, வடிவாப் பேசுறீர். ஆனா நான் மலை உச்சியிலை கொளுத்துறன் எண்டுதான் மாதாவிட்டைச் சொன்னனான். ஒட்டகம் நிக்கிற இடத்திலை எண்டு சொல்லேல்லை. இப்ப வாயை மூடிப்போட்டுக் கையைத் தாரும்."

கொடுத்தேன்.

ரேஹாவில், அதாவது அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பயிற்சி நிலையத்தில், படியேற ஒரு முறை கற்றுக்கொடுத்திருந்தார்களாம். நல்ல கால் முதலில் மேலே, புதுக்கால் பின்தொடரவேண்டும். பக்கத்தில் கைப்பிடி கட்டாயம். சினாய் மலையில் எவரும் கைப்பிடி பொருத்தவில்லை. ஆகவே இடப்பக்கக் கைப்பிடி நான். வலப்பக்கக் கைப்பிடி அண்ணை. "நல்ல கால்" என்பார் அக்கா, இழுப்போம். "புதுக்கால்" என்பார், தாங்குவோம். படிகள் என்று பெயர்தான். ஒன்று சாண் உயரம், அடுத்தது இடுப்பு உயரம்.

இளைப்பாற நின்ற இடங்களிலெல்லாம் அண்ணை என்னைப் பார்த்து அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னார். மறுமொழி சொல்ல எனக்கு மூச்சில்லை. ஓரிடத்தில் அக்காவின் கால் நடுங்கத் தொடங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை. போதும் ரீட்டா, என்றார் அண்ணை, கெஞ்சும் குரலில். அக்கா குனிந்து, ஏறி வந்த படிகளைப் பார்த்தார். திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன்... ஒப்புக்கொள்கிறேன், திரும்பினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"நல்ல கால்" என்றார்.

உச்சியில் ஒரு சிற்றாலயம், பூட்டியிருந்தது. அருகில் ஒரு சிறு மசூதி. இரண்டுக்கும் கீழே ஒரு தேநீர்க் கடை. பத்துக் கட்டளைகள் அருளப்பட்ட இடத்தில், பதினோராவதாகச் சாக்லேட்டும் வாங்குக என்றார் கடைக்காரர். சுற்றிலும் செம்மலைகள், அவற்றின் பின்னே செம்மலைகள், வானம் வரைக்கும். ஒரு புல் இல்லை. அழகாய் இருந்தது, அதற்கு உவமை தேட எனக்குத் தெம்பில்லை.

காற்றோ பேய்க்காற்று. அண்ணை தன் ஜாக்கெட்டைக் கழற்றி விரித்துப் பிடித்தார். நான் மறுபக்கம் குந்தினேன். அக்கா தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார். கடைசியில் திரி பற்றியது. ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ பாதிகூட ஆகவில்லை, அணைந்துவிட்டது.

மீண்டும் கொளுத்துவோமா என்று அண்ணை மெல்லக் கேட்டார்.

"ஏன்? கொளுத்துறன் எண்டனான், கொளுத்திப்போட்டன். அணையாமல் வைச்சிருக்கிறன் எண்டு நான் சொல்லேல்லை."

அண்ணை சிரித்தார். ஜெர்மனி வந்த நாளிலிருந்து இந்த அம்மையாரை ஒரு மேடையிலும் ஏற்றாமல் விட்டவர்கள் யார் என்று நான் விசாரிக்கவிருக்கிறேன்.

தேநீர் குடித்தோம். வெயில் சாயத் தொடங்கியது. அக்கா எட்டிப் படிகளைப் பார்த்தார். இறங்கும்போது முறை மாறுமாம்: புதுக்கால் முதலில், பாரம் முழுவதும் கைப்பிடியின் மேல்.

"எழும்பும் தம்பி, இருட்ட முதல் கீழை போவம்" என்று என் தோளில் கைவைத்தார்.

பேச்சால் எவரையும் மலையேற்றிவிடலாம் என்பதை நிரூபித்துவிட்டேன். இறக்கிவிடத் தோள்தான் வேண்டும் — என்னுடையதில் இன்னமும் தைல வாசனை போகவில்லை.