எங்கள் டீமுக்கு அடுத்த மேனேஜர்

எங்கள் ஃபுட்பால் டீம் ஃபைனலில் திருச்சிக்காரர்களிடம் தோற்ற மறுநாளே, அரியலூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் மேனேஜரை மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. மேனேஜருக்குத்தான் அது தெரியாது. முடிவெடுத்தவர்களில் பாதிப் பேர் வாழ்நாளில் பந்தை உதைத்ததில்லை. நான் உதைத்திருக்கிறேன், எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் ஒரு மேட்ச் விடாமல் சைக்கிள் மிதித்துப் போய்த் தொண்டை கட்டும் வரை கத்துகிறவர்கள் நாங்கள். அந்த உரிமை போதாதா என்று நினைத்தோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மேனேஜர் என்றால் பெரிய பதவி ஒன்றும் இல்லை. போட்டிகளுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், பந்துக்குக் காற்றடிக்க வேண்டும், ஆட்டக்காரர்களைப் பாசஞ்சர் ரயிலில் ஏற்றி இறக்க வேண்டும். யார் ஆடுவது, யார் உட்காருவது என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் எனக்கும் அவருக்கும் பகை. என் தம்பி இடது ஓரத்தில் லெஃப்ட் அவுட் ஆடுகிறவன். ஊரில் அவனைப் போல ஓட ஆளில்லை. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, கொஞ்சம் அதற்காகவும்தான். நன்றாக ஆடுகிறவர்களைச் சிமெண்ட் ஃபேக்டரியில் வேலைக்கு எடுக்கப் போகிறார்கள் என்று அப்போது பேச்சு இருந்தது. ஃபைனலுக்கு ஃபேக்டரி ஆபீசர்கள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து என் தம்பியைக் கடைசிவரை வெளியிலேயே வைத்துவிட்டார் மேனேஜர். காரணம் கேட்டதற்கு, "அடுத்த மேட்சுல பாக்கலாம்" என்றார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்து யாரைப் போடுவது என்பதில்தான் சண்டை. ஒரு கட்சி, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் வேண்டும் என்றது.

"ரூல்ஸ் புக்கையே மனப்பாடமா சொல்லுவாருய்யா."

"சொல்லுவாரு. நாற்காலிய வுட்டு எந்திரிக்கத்தான் மாட்டாரு."

இன்னொரு கட்சி, லெப்பைக்குடிக்காட்டு ஜவுளிக்கடை பாய் பக்கம். துபாயில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். நாடா இல்லாத புதுப் பந்து ஒன்றைக் கொண்டுவந்து டீமுக்குக் கொடுத்திருந்தார். அதுவரை எங்கள் ஆட்கள் ஆடியது பூட்ஸ் மாதிரி நாடா போட்டுக் கட்டிய தோல் பந்து. தலையால் முட்டினால் நெற்றியில் தடம் விழும். நான் பாய் கட்சி. ஆனால் பந்துக்காக இல்லை. தனியாகப் போய் அவரைப் பார்த்து, "நீங்க வந்தா என் தம்பிய எறக்குவீங்களா பாய்?" என்று கேட்டிருந்தேன்.

"நல்லா ஆடுற புள்ளைய ஏன் உக்கார வெக்கணும்? இன்ஷா அல்லாஹ், எறக்கிடுவோம்" என்றார். சொன்னால் செய்கிற மனிதர்.

மூன்றாம் நாள் சாயங்காலம் விவாதம் சூடாக இருந்தது. ஃபேக்டரியில் ஷிஃப்ட் விட்ட நேரம். மூட்டை பிடிக்கிற பேக்கிங் பிரிவு ஆட்கள் சில பேர் குளிக்காமல் நேராக டீக்கடைக்கு வருவார்கள். தலைமுடி, புருவம், இமை எல்லாம் சிமெண்ட் படிந்து ஒரே நிறமாக இருக்கும். மற்றவர்கள் வேட்டியில் ஒட்டக் கூடாது என்று அவர்களாகவே கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். வருவது யார் என்று நாங்கள் முகம் பார்ப்பதில்லை. அன்று அங்கே ஒருவர் மட்டும் தலையில் துண்டு கட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்று பேசினேன். "அந்தாளுக்கு ஆட்டமும் தெரியாது, ஆளும் தெரியாது. திருச்சிக்காரன்கிட்ட எதையோ வாங்கிட்டுத்தான் என் தம்பிய உக்கார வெச்சிட்டான்." வாங்கினாரா என்பது எனக்கு எப்படித் தெரியும். வாயில் வந்ததைச் சொன்னேன். நாலு பேர் தலையாட்டியதும் தெம்பு வந்து கடைசி பெஞ்சு பக்கம் திரும்பினேன். "நீங்க சொல்லுங்கண்ணே, யாரு வரலாம்?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"யாரு வேணா வரட்டும். உன் தம்பிக்கு எடது முட்டி வீங்கிக் கெடக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு எங்கிட்ட கெஞ்சினான். ஃபேக்டரி வேல கெடைக்காம போயிடும்னு பயம். வீக்கம் வத்துற வரைக்கும் எறக்க வேணாம்னு புது மேனேஜர்கிட்ட சொல்லிடு."

குரலைக் கேட்டதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். எங்கள் மேனேஜர்தான் அது. பேக்கிங்கில் வேலை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் குளித்து, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டுதான் கிரவுண்டுக்கு வருவார். இந்தக் கோலத்தில் நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் பேச்சு காதுக்கு எட்டி நேராக வந்திருக்க வேண்டும். தூசி பறக்காமல் மெதுவாக எழுந்து போனார். பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தைக் கடைக்காரர் ஈரத்துணியால் துடைத்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. என்னுடைய வெட்கம் கோபமாக மாறுவதற்கு, கேட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற தூரம் போதும். போனதும் தம்பியைக் கேட்டேன். "முட்டியெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, அவரு சும்மா சொல்றாரு" என்று கட்டிலிலிருந்து குதித்துக் காட்டினான். கைலியைத் தூக்குடா, பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

பாய் மேனேஜர் ஆனார். முட்டி விஷயத்தை நான் அவரிடம் மூச்சு விடவில்லை. டீக்கடையில் கேட்டவர்களிடமும், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். பெரம்பலூரில் நடந்த போட்டியில், சொன்னபடி தம்பியை இறக்கினார். முதல் பாதியில் நன்றாகத்தான் ஓடினான். நானும் கத்தினேன். இரண்டாம் பாதியில் பந்தோடு சட்டென்று திரும்பியவன் அப்படியே விழுந்தான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது, இனி ஆட்டமே கூடாது என்று டாக்டர் சொன்னார். ஃபேக்டரி வேலைப் பேச்சும் அதோடு போயிற்று.

எல்லாம் தெரிந்த பிறகு பாய் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" அவர் மேனேஜர் பொறுப்பை விட்டுவிட்டார்.

மறுபடியும் அதே டீக்கடை, அதே விவாதம். தம்பி கம்பு ஊன்றிக்கொண்டு வந்திருந்தான். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு, "என்னை உக்கார வெச்சவரையே கூப்புடுங்க. எங்கண்ணன் போய்க் கூப்புடட்டும்" என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

மறுநாள் ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஃபேக்டரி வாசலில் போய் நின்றேன். பேக்கிங் ஆட்கள் கும்பலாக வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அத்தனை முகங்களும் ஒன்று போல இருந்தன. ஆறு வருஷம் எங்கள் டீமை நடத்தியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கும்பலிலிருந்து ஒருவர் விலகி என் பக்கம் வந்தார்.

"தம்பிக்கு முட்டி இப்ப எப்புடி இருக்கு?" என்றார்.

டீமைப் பற்றிப் பேசப் போனவன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.