சவ்வுக்கு அந்தப் பக்கம்

இயற்பியலை நான் ஆசைப்பட்டுத்தான் படிச்சேன். யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளல. அது ஒரு எழவுக்கும் உதவாதுன்னு எனக்குத் தெரிஞ்சது எண்பதுகளோட நடுவுல, எம்.எஸ்சி. படிக்கும்போது.

அப்பா மில்லுல வேலை பார்த்தாலும் எங்க சனம் கடல் சனம். வீடு வைத்திக்குப்பத்துல. அக்காவை அதே கரையில வடக்க இருக்கிற பிள்ளைச்சாவடியில கட்டிக் கொடுத்திருந்தோம். அந்த ஐப்பசியில மாமாவும் அவரு கூட்டாளி ஒருத்தரும் கட்டுமரத்துல போனாங்க. மரம் இன்னும் வடக்க, கனகசெட்டிக்குளத்துக் கரையில ஒதுங்குச்சு. அடுத்து கூட்டாளியோட உடம்பும் ஒதுங்குச்சு. மாமா மட்டும் வரல.

உடம்பு கிடைக்கலன்னா எங்க பக்கம் வைக்கோல்ல ஆள் மாதிரி கட்டி, போனவரோட வேட்டியைச் சுத்தித்தான் கொள்ளி வைப்பாங்க. அந்த வேட்டியைப் பொண்டாட்டி தன் கையால எடுத்துக் கொடுக்கணும். அவ கொடுக்காத வரைக்கும் அவன் செத்ததா ஊரு ஒத்துக்காது. அக்கா கொடுக்கல. வேட்டியை டிரங்குப் பெட்டியில போட்டுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டா. காரியம் ஆவாத சாவை வச்சுக்கிட்டு கடல்ல இறங்க பிள்ளைச்சாவடியில ஆம்பளைங்க பயந்தாங்க. மாமியார் வீட்டுலேருந்து ஆள் மேல ஆள் வந்துச்சு. அக்கா யாருக்கும் வாயைத் திறக்கல. சோறும் சரியாத் தின்னல. விடிஞ்சா கரையில போய் உக்காந்துடுவா. எனக்கு அவளைப் பார்க்கவே ஆத்திரமா வரும். அழுதாவது தொலையேண்டின்னு மனசுக்குள்ள கத்துவேன்.

வீட்டுல இருக்கப் பிடிக்காம நான் பீச் ரோட்டுப் பக்கம் ஒரு வாசகசாலையில போய்க் கிடப்பேன். சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துல படிச்சதால பிரெஞ்சு வாசிப்பேன். அங்க பழசாகி வர்ற ஒரு விஞ்ஞானப் பத்திரிகையிலதான் அந்தச் சங்கதியைப் பார்த்தேன். நாம இருக்கிற உலகம் மொத்தமும், நட்சத்திரம் உட்பட, இதைவிடப் பெரிய ஒரு வெளியில கிடக்கிற சவ்வா இருக்கலாமாம். சவ்வுன்னதும் தட்டையா நினைச்சுக்காதீங்க. நீளம், அகலம், உயரம் மூணும் அதுக்கு உண்டு. இதுக்கு வெளிய இன்னொரு திசை இருக்குது, அந்தப் பக்கம் நம்மால கையை நீட்ட முடியாது, அவ்ளோதான். அந்தத் திசையில மயிரிழை தூரத்துல இன்னொரு சவ்வு, இன்னொரு உலகம் இருந்தாலும் நமக்குத் தெரியாது. கனத்தோட இழுப்பு மட்டும் அந்தத் திசையிலயும் போவும்னு போட்டிருந்துச்சு.

ஏன் நீட்ட முடியாதுங்கிறதுக்கு நல்ல காரணம் பல வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சு. எதையும் நோண்டிக்கிட்டே போனா கடைசியில மிஞ்சுறது துடிக்கிற இழைதான்னு சொல்ற கூட்டம் ஒண்ணு உண்டு. அவங்க மெம்பிரேன்ங்கிறதைச் சுருக்கி இந்தச் சவ்வுக்கு பிரேன்னு பேரு வச்சாங்க. இழையில ரெண்டு சாதி. ஒண்ணுக்கு ரெண்டு முனை இருக்கும். அந்த முனைங்க பிரேன் மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், வழுக்கும், ஆனா பிச்சுக்கிட்டு வராது. வெளிச்சம், நம்ம உடம்பு, கடல் தண்ணி எல்லாம் அந்த சாதி. இன்னொண்ணுக்கு முனையே கிடையாது, வளையம். ஒட்டுறதுக்கு முனை இல்லாததால அது எங்க வேணாலும் போவும். பூமி நம்மளை இழுக்குதே, அந்த இழுப்பு வளையத்தோட வேலை. இவ்வளவும் கணக்குல வருது. கண்ணால பார்த்தவங்க இன்னிவரைக்கும் யாருமில்ல.

அந்தப் பத்திரிகையைப் படிச்ச மறுநாள் நானும் அக்காவும் கொல்லையில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தோம். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு புடவை தொங்குச்சு. இதுல ஊர்ற எறும்புக்கு அது இருக்கிறதே தெரியாதுக்கா, நம்ம உலகமும் இப்படித்தான் இருக்கலாம்னு புக்குல போட்டிருக்குன்னு, பேச்சு வேணுமேன்னு சொல்லி வச்சேன். மாசக்கணக்கா ஊமையாக் கிடந்தவ என் மூஞ்சியைப் பார்த்தா.

"அப்ப அந்தப் புடவையில ஆளுங்க இருப்பாங்களாடி?"

"இருக்கலாம். யாரு கண்டா?"

அவ்ளோதான் சொன்னேன். அன்னிக்கு மத்தியானம் அக்கா சோறு கேட்டு வாங்கித் தின்னா. அம்மா அடுப்படியில நின்னு அழுதாங்க, சந்தோஷத்துல. அதுக்கப்புறம் அக்கா தலை வாரினா, பூ வச்சா, மாமியார் வீட்டு ஆள் வந்தப்ப வாசலுக்கே போய்ப் பேசினா. "அவரு சாவல. பக்கத்துலதான் இருக்காரு. என் தங்கச்சி புக்குல பார்த்திருக்கா, போய்க் கேளுங்க."

என் தலையில இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு. இவளுக்கு யாரு இப்படிச் சொன்னது? மாமா அங்க இருக்காருன்னு நான் எப்ப சொன்னேன்?

ஊரு அதை விளையாட்டா எடுத்துக்கல. மறு வாரமே பிள்ளைச்சாவடி நாட்டாரு, அதாவது ஊர்த் தலைவரு, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. நாற்காலியில உக்காந்து என்னை எதிர்ல நிக்க வச்சு, டாக்டரைக் கேக்குற மாதிரி மரியாதையாக் கேட்டாரு.

"படிச்ச புள்ள, நீ சொல்லும்மா. உன் வார்த்தைக்குத்தான் ஊரு காத்துக்கினு கீது. அங்கேருந்து ஆள் திரும்பி வர முடியுமா? முடியும்னா நாங்க காரியத்தை நிறுத்திடறோம்."

அக்கா கதவோரம் நின்னா. பூ வச்சிருந்தா. கடவுளே, அந்த ஆளு சிரிச்சிருந்தாக்கூட எனக்கு ஈசியா இருந்திருக்கும்.

"முடியாதுங்க"ன்னேன். "இருக்குதான்னே தெரியாது. இருந்தாலும் இங்கேருந்து யாரும் அங்க போயிருக்க முடியாது. கடல்ல விழுந்தவரு கடல்லதான் இருப்பாரு."

"பார்க்கவாவது முடியுமா?"

"வெளிச்சம் போவாது. குரல் போவாது. கூப்பிட்டாலும் கேக்காது."

"அப்ப எதுதாம்மா போவும்?"

"கனத்தோட இழுப்பு மட்டும் போவும்ங்க."

அக்கா ஒரு எட்டு முன்னாடி வந்தா. "அப்ப நான் இங்க உக்காந்திருக்கிறது அவருக்குத் தெரியும். என் கனம் அவருக்குத் தெரியும்ல?"

இன்னும் எலும்பும் தோலுமாத்தான் இருந்தா. அவ கிட்ட என்னா கனம் இருந்துச்சு? இதை இப்பவே முடிக்கலன்னா இவ கரையிலயே உக்காந்து செத்துடுவான்னுதான் எனக்குத் தோணுச்சு.

"தெரியாதுக்கா. அந்த இழுப்பு ரொம்ப லேசு. சீப்பைத் தலையில தேச்சுக் காகிதத் துண்டைத் தூக்குவோமே, அப்ப பூமி மொத்தமும் சேர்ந்து கீழ இழுக்குது, அந்தச் சீப்புகிட்ட தோத்துப் போவுது. பூமிக்கே அந்தக் கதி. நீ, நான், இந்த ஊரு எல்லாரும் ஒண்ணா நின்னாலும் அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது."

அக்கா உள்ள போனா. பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டுச்சு. வேட்டியைக் கொண்டாந்து நாட்டாரு கையில கொடுத்தா. அவரு எழுந்து நின்னு வாங்கிக்கிட்டாரு. அம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க.

திரும்பிப் போறப்ப அக்கா என் கிட்ட நின்னா. கோவமே இல்லாம, உப்பு கேக்குற மாதிரி மெதுவாத்தான் கேட்டா.

"வர மாட்டாருன்னு சொன்ன, சரி. கனம் மட்டும் தெரியும்னு விட்டிருக்கலாமேடி?"