அவள் பெயரில் வந்த மானியம்

எங்கள் மொட்டைமாடியில் ஆறு சூரியத் தகடுகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. தெருவில் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். அரசு மானியம் வாங்கியவனாம்.

போன கோடையில் என் மனைவி சமையலறையில் மூச்சு முட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். இதயம் பலவீனமாக இருக்கிறது, பகல் சூட்டில் இருக்கவே கூடாது, அறையைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். அருள்புரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு தையல் கம்பெனியின் தகரக் கூரை, பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து சூட்டை எங்கள் ஜன்னலுக்குள் தள்ளுகின்றன. ஐந்து நட்சத்திரம் ஒட்டிய ஏசி ஒன்றை வாங்கிக் கீழ்த்தளத்தில் அவள் அறையில் மாட்டினேன்.

பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான். முதலாளி அறையின் ஏசிக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதி, அந்த அளவுக்கு வரியைக் குறைத்துக் காட்டியிருக்கிறேன். அதே ஏசியை மூச்சு வாங்கும் ஒருத்திக்காக வீட்டில் மாட்டினால், வரிக் கணக்கில் காட்ட ஒரு வரிகூட இல்லை. முதலாளிக்கு அது தொழில் செலவு. அவளுக்கு அது சொகுசு. இதைச் சட்டமாக எழுதியவர்கள் ஒரு சித்திரை மாத மதியத்தை எங்கள் வீட்டில் கழித்துப் பார்க்க வேண்டும்.

சரி, வாங்கியாயிற்று. ஓடினால்தானே? காலையில் மீட்டரைப் பார்த்து எண்ணை வாய்விட்டுச் சொல்வது என் பழக்கம். அதைக் கேட்டுவிட்டு, நான் வெளியே போனதும் அவள் ஏசியை அணைத்துவிடுவாள். திரும்பி வந்து கேட்டால் குளிருகிறது என்பாள். கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் சூரியத் தகடு விற்கும் ஆள் வந்தார். மானியம் நேராக வங்கிக்கு வந்துவிடும், அம்மா இரவும் பகலும் ஏசி போட்டுக்கொள்ளலாம் என்றார். பிறகு கேட்டார்:

“ஏனுங்க சாமி, அம்மா பேர்ல கரண்ட் பில்லு ஏதாச்சும் இருக்குதுங்களா? பொம்பளைங்க பேர்ல போட்டா எல்லாமே ராசிங்க.”

எங்கள் ஊரில் இது புதிதல்ல. கம்பெனி, இடம், வண்டி எல்லாமே மனைவி பெயரில்தான் இருக்கும். தன் கம்பெனியின் வாசலைக்கூடப் பார்க்காத எத்தனையோ பெண் முதலாளிகளிடம் நான் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அவள் பெயரில் இருந்த பில்லை எடுத்துக் கொடுத்தேன். அது மாடியின் பில்.

மகனுக்காக மாடி கட்டியபோது அதற்குத் தனி இணைப்பு வாங்கியிருந்தோம். ஒவ்வொரு இணைப்புக்கும் நூறு யூனிட் இலவசம் என்பதால் எங்கள் தெருவில் ஒரே மீட்டரோடு இருக்கும் வீடு கிடையாது. மகன் வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டான். மாடி பூட்டிக் கிடந்தது. ஆனாலும் கூரை ஒன்று, குடும்பம் ஒன்று, வெயிலும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

தகடுகள் வந்தன. மானியமும் வந்தது. இனிப் பயமில்லை என்று ஏசியை ஓடவிட்டதில், அடுத்த பில் வந்தபோது கீழ் வீட்டுக்கு முன்பைவிடக் கூடுதல். ஆளில்லாத மாடிக்குப் பூஜ்யம். கரண்ட் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த பொறியாளர் மரியாதையான பையன்தான். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“கீழ இருக்கற மீட்டர் நம்பருக்கும் சோலாருக்கும் சம்பந்தமில்லீங்க ஐயா.”

“ரெண்டும் ஒரே ஊடுதானுங்க.”

“ஊடு ஒண்ணா இருக்கலாமுங்க. கம்ப்யூட்டர்ல ரெண்டுங்க.”

எங்கள் கூரையில் விளைந்த மின்சாரம் ஆளில்லாத மாடியின் கணக்கில் வரவாகச் சேர்கிறதாம். மேலே யாராவது குடிவந்தால் கழித்துக்கொள்ளலாமாம். இரண்டு இணைப்பையும் ஒன்றாக்க விண்ணப்பம், வைப்புத் தொகை, மறுபடி ஆய்வு, மானியக் கோப்பை மறுபடி திறப்பது என்று அடுக்கினார். ஆடிக்கு முன்னால் எதுவும் நடக்காது என்றும் சொன்னார். அப்போது பங்குனி. கோடை விண்ணப்பம் போட்டுவிட்டா வருகிறது?

எலக்ட்ரீசியன் ஒருவர், மாடி மீட்டரிலிருந்து ஏசிக்கு ஒரு கம்பி இழுத்துவிட்டால் முடிந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். ஆயுள் முழுக்க ஒழுங்காக வரி கட்டிய நான் அன்று சரி என்று தலையாட்டினேன். அவள் விடவில்லை.

“மாடி மீட்டரு என்ற பேர்ல இருக்குதுங்க. திருட்டுக் கம்பி இழுத்து என்ற பேரைக் கெடுக்காதீங்க. கரண்ட்டு கீழ வராட்டிப் போகுது, நாம மேல போயிக்கலாமுங்க.”

ஒருமுறை ஏறலாம், தினமும் ஏறி இறங்கக் கூடாது என்றார் மருத்துவர். அவள் வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். பின்னாலேயே ஏசியும் ஏறியது. பகல் முழுக்கப் பயமில்லாமல் அதை ஓடவிடுகிறாள். நன்றாகத் தூங்குகிறாள். கால் வீக்கம் வற்றியிருக்கிறது. ஆனால் ஏறியவள் இறங்கவில்லை. கிருத்திகைக்கு முருகன் கோயில் இல்லை. வாசலில் நின்று பேரம் பேசுவது இல்லை. பனியன் வெட்டி மிஞ்சிய வேஸ்ட் துணியை முறுக்கிய கயிற்றில் பையைக் கட்டிக் கீழே விடுகிறாள். கீரைக்காரம்மா அதில் கீரைக்கட்டைப் போட்டுவிட்டு, “அக்கா, வாடலுன்னு சொல்லப்படாது. இங்க பச்சையாத்தான் இருந்துச்சு, மேல வர்றதுக்குள்ள வாடிருச்சு” என்கிறார். அவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் அந்த விற்பனை ஆள் கேமராவோடு வந்தார். மானியம் பெற்ற பெண் என்று விளம்பரத்தில் போட வேண்டுமாம். வாசலில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அம்மாவை ஐந்து நிமிடம் கீழே கூட்டிவர முடியுமா என்றார். நான் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். மேலிருந்து அவள் குரல் வந்தது.

“சும்மா அனுப்பி உடுங்க. கத்திக் கத்தி உங்களுக்கும் மூச்சு வாங்குச்சுன்னா, மேல ஏத்தறதுக்கு ஆளில்லீங்க.”

இணைப்பை ஒன்றாக்க நான் கொடுத்த விண்ணப்பம் இன்னும் ஆபீசில்தான் கிடக்கிறது. சுற்றியுள்ள கம்பெனிகளின் பஞ்சுத் தூசி தகடுகளில் படிந்தால் மின்சாரம் குறையும். குறைந்தால் அவள் மறுபடி ஏசியை அணைத்துவிடுவாள். அதனால் தினமும் விடிந்ததும் ஈரத்துணியோடு மொட்டைமாடிக்குப் போகிறேன். ஆறு தகடுகளையும் திட்டிக்கொண்டே துடைக்கிறேன். மீட்டரைப் பார்ப்பதுண்டு. எண்ணை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை.