யிப்பின் லாரி எங்கே நிற்கிறது

லாரியை மீன் சந்தைக்குப் பின்புறம் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, பூட்டியதை ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டு யிப் நடக்கத் தொடங்குகிறார். சாப்பிடப் போகிறார். கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அதன் வாசலிலேயே லாரி நிறுத்தத் தாராளமாக இடம் உண்டு. ஆனாலும் வெயிலோ மழையோ, அந்த இரண்டு தெருவை அவர் நடந்தே தீருவார். எதிரில் தெரிந்தவர் யாராவது வந்து, "என்னண்ணே, சாப்பாடா?" என்று கேட்டால், "பல் டாக்டர்கிட்ட போறேன்" என்பார். எங்கள் ஈப்போவில் இவரளவுக்குப் பல் டாக்டரிடம் போன மனிதர் கிடையாது. வாயில் மிஞ்சியிருப்பது பதினொரு பல்.

யிப் சீ கியோங் என்று அடையாள அட்டையில் இருக்கும். ஊருக்கு அவர் கேஸ் யிப். ஐம்பத்தொன்பது வயது, அரைக்கால் சட்டை, அதற்கு ஒரு பெல்ட், தோளில் பச்சைத் துண்டு. இருபத்தாறு வருடம் சிலிண்டர் தூக்கியதில் வலது தோள் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. சட்டை தைக்கும் பெண்மணி மட்டும் அவருக்கு இரண்டு தோளுக்கும் தனித்தனியாக அளவெடுப்பாள். நகரத்தின் சாலையோரக் கடைகளில் நூற்றுப்பத்து அடுப்புகள் இவர் இறக்கிவைக்கும் சிலிண்டரில்தான் எரிகின்றன.

எந்தக் கடையில் கூட்டம், எந்தக் கடையில் ஈ என்று தெரிந்துகொள்ள அவர் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சிலிண்டர் எத்தனை நாளில் தீர்கிறது என்பது போதும். தீர்ந்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் கிடக்கிறதா என்பதைத் தராசு இல்லாமல் கையாலேயே சொல்லிவிடுவார். "போர்டு பொய் சொல்லும். வரிசைகூடப் பொய் சொல்லும், சொந்தக்காரங்கள கூட்டிட்டு வந்து நிறுத்தி வெச்சிருப்பானுங்க. கேஸ் பொய் சொல்லாது" என்பார்.

இப்படிப்பட்ட ஆளிடம் ஊர் என்ன கேட்கும்? எங்கே நன்றாக இருக்கும் என்றுதான் கேட்கும். சிக்னலில் நிற்கும்போது கோலாலம்பூர்க் கார்கள் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கும். வாடகைக் கார்க்காரர்கள் கேட்பார்கள். அவருடைய சொந்த மருமகன் கேட்டிருக்கிறான். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "பசியோட போ. எங்க போனாலும் நல்லாருக்கும்."

வாய் திறந்து சொன்னது ஒரே ஒரு தடவை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பின்சீட்டில் குழந்தை பசியில் அழுதுகொண்டிருந்தது. மனசு கேட்காமல், முளைப்பயறும் கோழியும் விற்கிற தெருவில் மூன்றாவது கடைக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். காரை ஓட்டி வந்த அந்தப் புண்ணியவான் சத்தமில்லாமல் போய்ச் சாப்பிட்டிருக்கலாம். போகிற வழியில் முதல் கடைக்காரி கூப்பிட்டதற்கு, "கேஸ்காரர் மூணாவது கடைதான் நல்லதுன்னு சொன்னார்" என்று விளக்கம் சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரமே அந்தத் தெருவில் ஐந்து அடுப்புகள் வேறு ஆளிடம் போய்விட்டன. முதல் கடைக்காரி இன்றும் அவருடைய நீல லாரியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அன்றிலிருந்துதான் இந்த மீன் சந்தையும் பல் டாக்டரும். காலையும் மதியமும் முறை வைத்துச் சாப்பிடுவார். ஒரு நாள் கறி மீ நூடுல்ஸ், மறுநாள் வாத்துச் சோறு, அதற்கடுத்த நாள் இன்னொரு வாடிக்கையின் கடை. யாரும் குறை சொல்ல முடியாது. லாரி யார் கடை முன்னாலும் நிற்காது. நின்றால் அங்கே சிலிண்டர் இறங்கும், இறங்கியதும் கிளம்பிவிடும்.

சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் முறை கிறை எல்லாம் கிடையாது. நாலு மணி ரொஸ்னானியுடையது. முழங்கை வரை மாவு, நெற்றிவரை இழுத்துவிட்ட தலைத்துணி, எண்ணெய்க்கு முன்னால் நின்றே பழகிய பெண். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்து, மாவில் முக்கி, வாணலியில் விடுவாள். மேலே நொறுங்கும், உள்ளே பாயசமாக இருக்கும். தொட்டுக்கொள்ள ஊசிமிளகாய் இடித்துப் போட்ட கறுப்பு சோயா சாஸ். யிப்பைத் தூரத்தில் பார்த்ததும், "பல் டாக்டர் வந்துட்டார்" என்று ஐந்து துண்டைப் பையில் போட்டுவிடுவாள். அவர் வாங்கிக்கொண்டு இரண்டு தெரு நடந்து, லாரிக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கத் தின்று முடிப்பார். அவருடைய நாளில் அதைவிடச் சந்தோஷமான கால்மணி நேரம் கிடையாது.

ரொஸ்னானியின் கடை பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்தது. இந்த வருடத் தொடக்கத்தில் சாக்கடையை அகலப்படுத்த மரத்தை வெட்டினார்கள். மரத்தடிக் கடைகளுக்கெல்லாம் குலுக்கல் போட்டு வேறு இடம் கொடுத்தார்கள். அவளுக்கு விழுந்தது பேட்டரிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு முட்டுச் சந்து. வாடிக்கைக்காரர்கள் பழைய இடத்துக்கு வந்தார்கள், வெட்டிய அடிமரத்தைப் பார்த்தார்கள், கடையை மூடிவிட்டாள் போலிருக்கிறது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு போனார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நாக்குக்காக நாற்பது மைல் கார் ஓட்டுவார்கள், ஆனால் நாற்பது அடி தள்ளி ஒரு சந்துக்குள் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

மரத்தடியில் இருந்தவரை அவளுக்கு நாலு நாளைக்கு ஒரு சிலிண்டர் ஆகும். சந்துக்குப் போனபின் முதல் சிலிண்டர் பத்தொன்பது நாள் ஓடியது. யிப் மாற்றிக் கொடுத்தார். அடுத்த அழைப்பு ஏழாம் நாளே வந்தது. தீர்ந்துவிட்டது, கூட்டம் நிற்கிறது, சட்டென்று வா என்றாள். யிப்புக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மற்ற இரண்டு கடைகளை அப்படியே விட்டுவிட்டு லாரியைத் திருப்பினார்.

சந்தில் கூட்டம் என்று சொல்ல ஒரு பூனை இருந்தது. கயிற்றில் தொங்கிய வாழைத்தாரில் பாதி கறுத்துப் போயிருந்தது. யிப் குனிந்து, சிலிண்டரின் வால்வை மூடி, குழாயைக் கழற்றி, சிலிண்டரைத் தூக்கினார். தூக்கியதுமே கை சொல்லிவிட்டது. பாதி இருக்கிறது.

ரொஸ்னானி அவர் பக்கம் திரும்பவில்லை. எண்ணெயில் எதுவுமே இல்லாமல் எண்ணெயைக் கிளறிக்கொண்டிருந்தாள். "நல்லா போகுதுண்ணே. அதான் சீக்கிரமே தீந்துடுச்சு" என்றாள்.

இருபத்தாறு வருடத்தில் ஒரு சிலிண்டர் யிப்பிடம் பொய் சொன்னது அன்றுதான். பாவம், அது தானாகச் சொல்லவில்லை. இவளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாமா என்று அவருக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. காலிச் சிலிண்டரை எப்படி ஒற்றைக் கையில் ஆட்டிக்கொண்டு போவாரோ அப்படியே ஆட்டிக்கொண்டு, சீட்டி வேறு அடித்துக்கொண்டு, சந்தின் முழு நீளத்துக்கும் நடந்தார். ஏழு கிலோ கூடுதல். இறங்கிய தோள் இன்னும் இறங்கியது. லாரிக்குப் பின்னால் போய், அவள் பார்க்காத இடத்தில், மூச்சு வாங்கினார். பிறகு சாக்கட்டி எடுத்து அந்தச் சிலிண்டரில் ஒரு வட்டம் போட்டு, மற்றவற்றோடு சேராமல் தனியாக ஓரத்தில் சங்கிலியிட்டு நிறுத்தினார்.

புதியதை மாட்ட வந்தபோது சோயா ஜாடியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. அடியில் ஒரு அட்டை. வாணலி, அடுப்பு, தள்ளுவண்டி விற்பனைக்கு என்று எழுதி, கீழே அவளுடைய போன் நம்பர். இன்னும் மாட்டவில்லை. அவர் படித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"மக ஷா ஆலாமுக்கு வரச் சொல்றாண்ணே, பேரப்பிள்ளைய பாத்துக்க. நோன்பு பிறக்கற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வியாபாரம் தூக்கலைன்னா இத மாட்டிடுவேன்."

"எத்தனை நாள் இருக்கு?"

"முப்பத்திரண்டு."

"அங்க போய் என்ன பண்ணுவ?"

"பிள்ளைய தூங்க வைப்பேன். டிவி பாப்பேன்." மாவுக் கையைப் பார்த்தாள். "எனக்கு டிவி பாக்கப் பிடிக்காதுண்ணே."

அடுத்த மூன்று நாள் யிப் பூட்டிய லாரிக்குள் உட்கார்ந்து ஐந்து துண்டையும் தின்றார். ருசிக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். இந்த ஊரில் கேஸ் யிப் வாய் திறந்து ஒரு கடைப் பெயரைச் சொன்னால் மறுநாள் அங்கே போலீஸ்காரர் வந்து போக்குவரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஆனால் சொன்னால் நூற்றுப்பத்து அடுப்பில் எத்தனை மிஞ்சும்? அவருக்கு வேறு தொழில் தெரியாது. இந்தத் தோளை வைத்துக்கொண்டு வேறு தொழில் கற்றுக்கொள்ளவும் முடியாது. அவர் பயந்தார், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

நாலாம் நாள் நாலு மணிக்கு நீல லாரி மீன் சந்தைப் பக்கம் திரும்பவில்லை. நேரே வந்து, அடுப்பிலிருந்து எட்ட, சந்தின் வாயில், பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. யிப் எச்சரிக்கை விளக்கைப் போட்டார். சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை நடைபாதையில் போட்டு, பைக்குப் பதிலாகத் தட்டில் வாங்கி, முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்கத் தின்றார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலில் வந்தவர் சண்டைக்கு வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர். லாரிக்குப் பின்னால் அவர் கார் மாட்டிக்கொண்டது. "ஏன் அங்கிள், ரோடு என்ன உங்க தாத்தா வீட்டு சொத்தா?" என்று ஆரம்பித்தார். யிப்புக்கு வாய் நிறைய வாழைப்பழம். டீச்சர் தட்டைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். மூக்கு அவரைச் சந்துக்குள் கூட்டிக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது கையில் இரண்டு பை. சண்டை பாதியில் நின்றது அவருக்கு நினைவே இல்லை.

மறுநாள் ஒன்பது பேர். அதற்கு மறுநாள் யாரோ படம் எடுத்துத் தொலைபேசிக் குழுக்களில் போட்டுவிட்டார்கள்: கேஸ் யிப் வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிறார். ஐந்தாம் நாள் வரிசை பேட்டரிக் கடைகளைத் தாண்டியது. வரிசையைக் கண்டால் எதற்கென்று கேட்பதற்கு முன் சேர்ந்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம், விசாரணையெல்லாம் சேர்ந்த பிறகுதான். காருக்குப் பேட்டரி மாற்ற வந்த ஒருவர் அரைமணி நேரம் அதில் நின்று, முறை வந்ததும் என்ன வேண்டும் என்று ரொஸ்னானி கேட்க, தயங்கி, ஆறு துண்டு வாங்கிக்கொண்டு போனார். பேட்டரி அடுத்த நாள்தான் மாற்றினார்.

வில்லங்கமும் வந்தது. கறி மீ விற்கும் ஃபூங் அக்கா போனில் பிடித்தாள். "பன்னெண்டு வருஷமா எங்கிட்ட மீ தின்னுட்டு, வண்டிய மீன் மார்க்கெட்ல ஒளிச்சு வெச்சிருக்க. என் கடை என்ன சாராயக் கடையா?" என்று கேட்டுவிட்டு, இனிமேல் சிலிண்டர் கொண்டுவராதே என்று வைத்துவிட்டாள். இரண்டு வாரத்தில் நாலு அடுப்பு போனது. யிப் ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் பச்சைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் எடுத்தார். ஆனாலும் நாலு மணிக்கு லாரி சந்தின் வாயில் நின்றது.

அவர் நிஜமாகவே அஞ்சியது ஜைலானியை. பள்ளிக்கூட முனையில் அதே வாழைப்பழத்தைப் பொரித்து, மேலே சீஸ் தூவி விற்கிறவன், வாரம் இரண்டு சிலிண்டர் தீர்க்கிறவன். ஒருநாள் அவனே வந்து வரிசையில் நின்றான். வாங்கி, யிப்புக்குப் பக்கத்தில் நடைபாதையில் குந்தி, ஐந்தையும் தின்றான். எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நாளைக்கு என் கடை முன்னாடியும் வண்டிய நிறுத்து" என்றான்.

"நீ சீஸ் தூவறத நிறுத்து. நான் வண்டிய நிறுத்தறேன்."

ஜைலானி கொஞ்ச நேரம் அவரை முறைத்தான். பிறகு சிரித்துவிட்டான். மாவில் என்ன போடுகிறாய் என்று ரொஸ்னானியிடம் கேட்டுப் பார்த்தான், அவள் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு பை வாங்கிக்கொண்டு போனான். போன நாலு அடுப்பில் இரண்டு அந்த மாதமே திரும்பி வந்தன. ஃபூங் அக்கா இன்னும் வரவில்லை.

நோன்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ரொஸ்னானி மறுபடி கூப்பிட்டாள். முன்னது மாட்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது. கூட்டம் நிற்கிறது, சட்டென்று வா என்று அதே வார்த்தைகளைச் சொன்னாள். யிப் போனபோது உள்ளே நுழைய வழி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. குனிந்து, வால்வை மூடி, குழாயைக் கழற்றினார். பழைய ஞாபகத்தில் தோளை இறுக்கிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். சிலிண்டர் சர்ரென்று மேலே வந்து அவர் முகவாயில் இடித்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

ரொஸ்னானி வாணலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். விற்பனை அட்டை பொரித்த துண்டுகளுக்கு அடியில் எண்ணெய் குடித்து நனைந்து கிடந்தது.

யிப் முகவாயைத் தடவிக்கொண்டே போய்ப் புதுச் சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். பிறகு மறுபடியும் லாரிக்குப் போனார். ஓரத்தில் சங்கிலியைக் கழற்றி இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணு போதும்ணே."

"இது உன்னோடதுதான். பாதி இருக்கு" என்றார் யிப்.

ரொஸ்னானி சிலிண்டரைப் பார்த்தாள். அதில் இருந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தாள். கரண்டி கையிலேயே நின்றது. வரிசையில் முதலில் நின்ற பெண், என்ன, தீர்ந்துபோயிற்றா என்று கேட்டாள்.

யிப் பச்சைத் துண்டின் நுனியில் எச்சில் தொட்டு, குனிந்து, அந்த வட்டத்தைச் சுத்தமாகத் துடைத்து எடுத்தார்.