ஐந்து டிகிரிப் பாவம்

அந்தப் பட்டறையில் அவளுக்கு 'மரையக்கா' என்று பெயர். போல்ட்டில் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளத்துக்கு மரை என்று பெயர் அல்லவா, அந்த மரைதான்.

பழைய இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறை அது. கணினியில் படம் வரையும் மென்பொருளில் நூற்றுக்கணக்கான மரை அளவுகள் இருந்தாலும், என்றோ மூடிப்போன கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்ட அளவுகள் அதில் கிடையாது. அவற்றை மென்பொருளுக்குள் சேர்க்கும் வித்தையை அவள் தானாகவே முட்டி மோதிக் கற்றுக்கொண்டாள். மென்பொருளோடு வரும் அட்டவணைக் கோப்பை நகலெடுத்து, விட்டம், இடைவெளி, ஆழம் என்று ஒவ்வொரு எண்ணாக மாற்றி, வேறு பெயரில் சேமிக்க வேண்டும். மூடித் திறந்தால் புது அளவு பட்டியலில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அப்படி முப்பத்தோரு அளவுகளைச் சேர்த்திருந்தாள்.

"ஊர்ல எல்லாருக்கும் மரை கழலுது. நம்ம அக்காவுக்கு மட்டும் கூடிக்கிட்டே போகுது" என்பார் முதலாளி. அவள் சிரிக்க மாட்டாள். ஆனால் அன்று முழுவதும் அந்தப் பேச்சு அவளுக்கு இனிக்கும்.

பெருமைப்பட அவளிடம் வேறு என்ன இருந்தது? இருபது வயதில் பெற்றோரை இழந்து, படம் வரையும் பென்சிலும் பலகையுமாக இங்கே வேலைக்கு வந்தாள். தங்கையைப் படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள். தனக்கென்று ஒரு கல்யாணத்தை யோசிக்கும் முன்பே நாற்பது தாண்டிவிட்டது. தங்கை புருஷனையும் அவள்தான் இங்கே சேர்த்துவிட்டாள். கடைசல் இயந்திரமான லேத்தில் அவன் கை வைத்தால் இரும்பு வெண்ணெய் மாதிரி இழையும். மாப்பிள்ளை என்று அவள் மரியாதையாகக் கூப்பிட்டாலும், அவனுக்கு அவள் தாய் ஸ்தானம். நாலு வார்த்தை பேசினால் இரண்டு 'அக்கா'வாவது வந்துவிடும்.

அந்த வியாழக்கிழமை காலை முதலாளி அறையில் போன் அடித்தது. பாட்டில் மூடி திருகும் பழைய இயந்திரம் ஒன்றுக்கு நூற்றிருபது மரைத் தண்டுகள் செய்து அனுப்பியிருந்தார்கள். ஜோடி நட்டு வாடிக்கையாளரிடமே இருந்ததால் இங்கே போட்டுப் பார்க்க வழியில்லை.

"என்னது, ரெண்டு சுத்துக்கு மேல ஏறலையா? நூத்தி இருவதுமா?" என்று முதலாளி கேட்பது அவள் காதில் விழுந்தது.

அந்தத் தண்டின் மரை அளவைச் சேர்த்தவள் அவள்தான். கோப்பைத் திறந்தாள். விட்டம் சரி. இடைவெளி சரி. கோணம் என்ற வரியில் மட்டும் அறுபது என்று இருந்தது. மரைப் பள்ளத்தின் இரண்டு சரிவுகளுக்கும் நடுவில் உள்ள கோணம் அது. அந்தப் பழைய இயந்திரத்தில் அது ஐம்பத்தைந்து. நகலெடுத்தபோது எல்லா எண்ணையும் மாற்றியவள் அந்த ஒன்றை மட்டும் விட்டிருந்தாள்.

அதுவரை அது வெறும் தவறுதான். யாருக்கும் வரக்கூடியது. அடுத்து அவள் விரல்கள் செய்ததைத்தான் அவளால் ஜென்மத்துக்கும் மறக்க முடியாது. அறுபதை அழித்தாள். ஐம்பத்தைந்து என்று அடித்தாள். வரைபடத்தைப் புதுப்பித்துச் சேமித்தாள். முதலாளி போனை வைத்துவிட்டு லேத்துக்குப் பக்கத்தில் அதே படம் தெரியும் திரையை நோக்கி நடப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"படத்துல என்ன போட்டிருக்கு, படிங்க."

"அம்பத்தஞ்சு" என்றான் மாப்பிள்ளை.

"வெட்டுற டிப் எத்தனை டிகிரி போட்டீங்க?"

"அறுபதுங்க. அறுபதுன்னு பார்த்த ஞாபகம்."

"உங்க ஞாபகத்தைப் பார்சல் கட்டி அனுப்பினா வாங்கிக்குவாங்களா?"

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் தன் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"என் கண்ணுதான் மோசம் பண்ணிருச்சு முதலாளி. அக்கா தப்பா போட மாட்டாங்க."

திங்கட்கிழமையிலிருந்து அவன் பேக்கிங் பக்கம் போக வேண்டும், லேத்துக்கு வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவன் தலையாட்டினான்.

மறுநாள் சாயங்காலம் தங்கை அவள் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அக்கா, நீ ஒரு வார்த்தை சொன்னா முதலாளி கேப்பாரு. எங்க வீட்டு மனுஷன் தண்ணி டம்ளரைக் கூட உத்து உத்துப் பாக்குறாருக்கா. வண்டியை எடுக்க மாட்டேங்கிறாரு. கண்ணு போனவனுக்கு வண்டி எதுக்குங்கிறாரு."

"பாக்கலாம்" என்றாள் அக்கா.

"என்னக்கா, பேங்க்காரங்க மாதிரி பாக்கலாம்ங்கிற?"

அவள் அடுப்படிக்குள் போய், வெறும் பாத்திரம் ஒன்றை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தங்கை போன பிறகும் தேய்த்தாள்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தான். கறுப்புச் சட்டம், மூக்கில் சரியாக உட்காரவில்லை. கூச்சத்தோடு அவள் மேஜைக்கு வந்தான்.

"எப்படிக்கா இருக்கு? உங்க தங்கச்சி, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருக்கீங்கன்னு சிரிக்கிறா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவரு கிடக்காருக்கா. கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னாரு. நான்தான் விடல. ஏதோ ஒரு பவரைப் போட்டுக் குடுங்கன்னு கேட்டு வாங்கினேன். குறை இல்லாமலா எண்ணு மாறித் தெரியும்?"

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்தாள். முதலாளி லேத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு தூரம் எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"முதலாளி, அவர் பார்த்தது அறுபதுதான். நான்தான் தப்பா போட்டேன். போன் வந்ததும் திருத்திட்டேன். திருத்திட்டு, பேசாம இருந்துட்டேன்."

முதலாளி கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினார். லேத்து ஓய்ந்து நிற்க நேரம் பிடித்தது.

"தப்பு எல்லாருக்கும் வரும்மா" என்றார். 'அக்கா' என்று சொல்லவில்லை. "ஆனா ரெண்டு நாளா அவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

அவள் அழவில்லை. அழுதால் யாராவது சமாதானம் சொல்லிவிடுவார்கள் என்று பயமாக இருந்தது.

"மத்த முப்பது அளவும் எப்படி?"

"அதே கோப்பைப் பார்த்து நகல் எடுத்ததுதான்."

"அப்ப எல்லாத்தையும் பார்க்கணும். பேக்கிங் பேச்சு இனிமே கிடையாது. வாடிக்கையாளருங்க குடுத்த மாதிரி உருப்படிகளை இவர் அளக்கட்டும், நீங்க சரிபாருங்க."

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். பழைய மாதிரிகள் கிடந்த தட்டை அவள் மேஜைக்குக் கொண்டுவந்து, பல் பல்லாக இருக்கும் அளவுத் தகட்டை ஒவ்வொரு மரையிலும் பதித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தான்.

"அறுபது."

"சரியா இருக்கு மாப்பிள்ளை."

"அறுபது."

எண்ணைத் தவிர வேறொரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. நாலு வசவு வைதிருந்தால் அவள் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பாள். ஏழாவது உருப்படியை அவன் இரண்டு முறை பார்த்தான்.

"அம்பத்தஞ்சு."

திரையில் அறுபது என்று இருந்தது. அடுத்த வாரம் வெட்ட வேண்டிய உருப்படி அது. அவள் விரல் தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போய், அங்கேயே நின்றது.

"இங்க அறுபதுன்னு இருக்கு" என்றாள், முதலாளிக்கும் கேட்கும்படி. "இதுவும் நான் போட்ட தப்பு."

அவன் திரும்பி ஒரு கணம் அவளைப் பார்த்தான்.

"மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு எட்டாவதை எடுத்தான்.